பழைய மிதிவண்டி மீட்டெடுப்பு

பழைய மிதிவண்டி மீட்டெடுப்பு என்பது, பயன்பாட்டில் இருந்து ஒதுங்கிய பழைய மிதிவண்டிகளைத் தேடிச் சேகரித்து, அவற்றின் தயாரிப்பாளரையும் காலத்தையும் அடையாளம் கண்டு, மீண்டும் ஓடும் நிலைக்கோ காட்சிக்கு உரிய நிலைக்கோ கொண்டுவரும் பொழுதுபோக்கும் கைத்தொழிலும் ஆகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயர்ந்த முன்சக்கரம் கொண்ட வண்டிகளும் பந்தய வண்டிகளும் பெரிதும் சேகரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதன் மையப்பொருள் வேறு. கறுப்பு நிறமும் கம்பித் தடையும் 28 அங்குலச் சக்கரமும் கொண்ட, அன்றாட உழைப்புக்குப் பயன்பட்ட 'ரோட்ஸ்டர்' வகை வண்டியே இங்கு முதன்மையானது. இவ்வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓய்வின்றி ஓடியவை. உறுப்புகள் பலமுறை மாற்றப்பட்டவை. ஆகவே 'அசல்' என்பது எது, அதில் எதைக் காப்பது என்பதே இத்துறையின் முதன்மையான கேள்வியாக உள்ளது.

பெயர்

தமிழில் மிதிவண்டி, ஈருருளி, சைக்கிள் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் எழுத்து வழக்கில் துவிச்சக்கர வண்டி என்ற சொல்லும் உண்டு. மிதிவண்டிப் பட்டறைகளின் பேச்சு வழக்கு தனித்தன்மை உடையது. ஆரைக்கம்பி 'போக்ஸ் கம்பி' எனவும், உருள்குண்டு 'பால்ரஸ்' எனவும், சக்கரத்தின் கோணலை நேராக்குதல் 'பெண்டு எடுத்தல்' எனவும் அழைக்கப்படுகின்றன. வண்டியை முழுதும் பிரித்துத் துடைத்துப் பூட்டும் வேலை 'ஓவராயில்' எனப்படும். இது 'ஓவர்ஹால்' என்பதன் திரிபாகும். வேலையின் முடிவில் எண்ணெய் விடப்படுவதால் மக்கள் நாவில் 'ஆயில்' எளிதாக ஒட்டிக்கொண்டது எனலாம்.

வரலாற்றுப் பின்னணி

இறக்குமதிக் காலம்

இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் 'பாதுகாப்பு மிதிவண்டி' 1885 இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டியின் மூலம் நிலைபெற்றது. 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தினார். இவ்விரண்டும் சேர்ந்தபின் மிதிவண்டித் தொழில் பர்மிங்காம், காவன்ட்ரி, நாட்டிங்காம் ஆகிய நகரங்களில் பெருகியது. ராலே, பி.எஸ்.ஏ., ஹம்பர், ரட்ஜ், பிலிப்ஸ், 1910 இல் தொடங்கப்பட்ட ஹெர்குலிஸ் ஆகியவை பேரரசின் சந்தைகளுக்கு வண்டிகளை அனுப்பின. சென்னை மாகாணத்திற்கு இவை கப்பல் வழியே வந்து சேர்ந்தன.

இந்தியத் தயாரிப்பு

விடுதலைக்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்நாட்டுத் தொழிலுக்கு அளிக்கப்பட்ட ஊக்கமும் நிலைமையை மாற்றின. 1949 இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கின. இதன் ஆலை அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பிரித்தானியப் பெயர்களைத் தாங்கிய வண்டிகள் இங்கு உருவாயின. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே நிறுவனம் 1952 முதல் ராலே குடும்பத்து வண்டிகளைத் தயாரித்தது. பின்னர் அது சைக்கிள் கார்ப்பரேசன் ஆப் இந்தியா என்னும் அரசு நிறுவனமாயிற்று. சோனிபத்தில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ முதலிய இந்தியப் பெயர்களும் 1950களில் தோன்றின.

இதனால் ஒரே பெயரும் ஒத்த தோற்றமும் கொண்ட வண்டி பர்மிங்காமில் செய்யப்பட்டதாகவோ அம்பத்தூரில் செய்யப்பட்டதாகவோ இருக்கக்கூடும். இங்கு கிடைக்கும் வண்டிகளை அடையாளம் காண்பதில் உள்ள குழப்பத்திற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

வடசென்னை

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் மிதிவண்டி நீண்ட காலம் தொழிலாளர்களின் ஊர்தியாக இருந்தது. துறைமுகம், எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எப்., என்பீல்டு ஆகிய ஆலைகள், சற்று மேற்கே பெரம்பூரில் 1996 வரை இயங்கிய பின்னி ஆலை ஆகியவை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை அளித்தன. ஆலை முறை மாறும் வேளைகள் மிதிவண்டிகள் திரளும் வேளைகளாகவும் இருந்தன.

திருவொற்றியூருக்கு மிதிவண்டி வரலாற்றுடன் மற்றொரு தொடர்பும் உண்டு. இங்கு புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்த என்பீல்டு இந்தியா 1955 இல் உருவானது. அதன் தாய் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் ஊசி செய்யும் தொழிலில் இருந்து மிதிவண்டித் தொழிலுக்கு மாறிய ஒன்றாகும். ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் சுமித்தும் 1891 இல் அதன் பொறுப்பை ஏற்றனர். என்பீல்டில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்த தொடர்பால், தமது மிதிவண்டிக்கு அவ்வூரின் பெயரை வைத்தனர். 1901 இல் தான் மோட்டார் சைக்கிள் வந்தது. ஆகவே 'ராயல் என்பீல்டு' என்பது முதலில் ஒரு மிதிவண்டியின் பெயர். ஆயினும் திருவொற்றியூர் ஆலை மோட்டார் சைக்கிளுக்காக அமைந்தது. பீரங்கிச் சின்னம் பொறித்த பழைய ராயல் என்பீல்டு மிதிவண்டி சென்னையில் கிடைத்தால், அது இவ்வூர் ஆலையில் பிறந்தது என்று கொள்ளலாகாது. அது ரெடிச் நகரத் தயாரிப்பாகும்.

கடற்கரையை ஒட்டிய இப்பகுதியின் காற்றில் உள்ள உப்பு, இரும்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகின்றது. குரோமியப் பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரமும் உப்பும் நுழைந்து அடியில் உள்ள எஃகை அரிப்பதால், பூச்சு கொப்புளம் போல எழும்பி உரியும். இத்தகைய இடங்களில் இருந்து எடுக்கப்படும் வண்டிகளில் ரிம், கைப்பிடித் தண்டு, மட்கார்டின் உட்புறம், சட்டகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

வண்டியின் அமைப்பு

ரோட்ஸ்டர் வண்டியின் சட்டகம் எஃகுக் குழாய்களை 'லக்' எனப்படும் இணைப்புக் கூடுகளில் பொருத்திப் பித்தளையால் பற்றவைத்துச் செய்யப்படுவது. முன்கவை சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருப்பதால் மேடுபள்ளமான சாலையில் அதிர்வு குறையும். இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

சக்கரம்: 28 × 1½ அங்குலம். டயர் அமரும் விளிம்பின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய 700சி சக்கரங்களும் 28 அங்குலம் என்றே சில இடங்களில் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் விட்டம் 622 மில்லிமீட்டர் என்பதால் ஒன்றின் டயர் மற்றதில் பொருந்தாது.

ஆரைக்கம்பிகள்: பிரித்தானிய மரபில் முன்சக்கரத்திற்கு 32, பின்சக்கரத்திற்கு 40. சுமை பின்னால் விழுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

தடை: கம்பிகளும் நெம்புகோல்களும் இணைந்த 'ராட் பிரேக்'. இதன் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் அல்லாமல் உள்விளிம்பில், ஆரைக்கம்பிகள் இருக்கும் பக்கத்தில் அழுத்தும்.

கிராங்கு: கோட்டர் பின் என்னும் ஆப்பினால் அச்சில் இறுக்கப்படுவது.

சங்கிலி உறை: முழுவதும் மூடிய உறையோ, மேற்பகுதியை மட்டும் மறைக்கும் தகடோ இருக்கும். உரிமையாளர் பெயர் எழுதப்படும் இடமும் பெரும்பாலும் இதுவே.

பல்லிணை: சில உயர்விலை வண்டிகளில் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேக உள்ளமைப் பல்லிணை பின்சக்கரக் குடத்தில் இருக்கும்.

அடையாளம் காணல்

ஒரு வண்டியின் காலத்தை அறிய ஒரே சான்றை நம்புவது போதாது. தலைக்குழாயில் பதித்த சின்னம் எளிதில் கழற்றி மாட்டக்கூடியது. ஒட்டுப்படங்கள் புதிதாக அச்சிடப்பட்டும் கிடைக்கின்றன. இந்தியச் சட்டகத்தில் ஆங்கிலச் சின்னத்தைப் பொருத்தி 'இங்கிலாந்து வண்டி' என்று கூடுதல் விலைக்கு விற்கும் வழக்கமும் உண்டு. எனவே பின்வருவன ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்க்கப்படுகின்றன.

1. பல்சக்கரத்தின் வெட்டு வடிவம். பி.எஸ்.ஏ. வண்டிகளில் அந்நிறுவனத்தின் எழுத்துகளும், ராலே வண்டிகளில் நாரையும் பல்சக்கரத்திலேயே வெட்டப்பட்டிருக்கும்.

2. முன்கவை. ஹம்பர் வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைக் குழாய்கள் அமைந்த கவை தொலைவில் இருந்தே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

3. குடத்தின் முத்திரை. 1936 இல் அறிமுகமான ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. குடங்களில் தயாரிப்பு ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இது குடத்தின் காலத்தையே உறுதிசெய்யும். சக்கரம் மாற்றப்பட்டிருந்தால் சட்டகத்தின் காலம் வேறாக இருக்கலாம்.

4. திருகுபுரி. ராலே பல உறுப்புகளில் அங்குலத்திற்கு 26 புரிகள் கொண்ட தனி அளவைப் பயன்படுத்தியது. பிற பிரித்தானியத் தயாரிப்பாளர்களின் அடிக்குடம் அங்குலத்திற்கு 24 புரிகள் கொண்டது. இந்த 24 புரி அளவு பி.எஸ்.ஏ. அளவு என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

5. பூச்சு. 1920களின் இறுதி வரை பளபளப்பான உறுப்புகளுக்கு நிக்கல் பூசப்பட்டது; அது சற்று மஞ்சள் சாயல் உடையது. அதன் பின் நீலச் சாயல் கொண்ட குரோமியம் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய வண்டிகளில் உலோகத் தட்டுப்பாட்டால் பல உறுப்புகள் கறுப்பு வண்ணம் மட்டுமே பெற்றன. அத்தகைய வண்டிக்குக் குரோமியம் பூசிப் பளபளப்பாக்குவது அதன் வரலாற்றைப் பிழையாக்குவதாகும்.

6. உள்ளாட்சி வில்லை. தமிழகத்தின் உள்ளாட்சி அமைப்புகள் முன்னர் மிதிவண்டிக்கு வரி விதித்து, அதற்குச் சான்றாக எண் பொறித்த உலோக வில்லைகளை வழங்கின. வில்லை இன்னும் வண்டியில் இருந்தால், அது எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதுவே சான்று ஆகும்.

மீட்டெடுக்கும் முறை

பதிவு செய்தல்

பிரிப்பதற்கு முன் வண்டியை எல்லாக் கோணங்களிலும் நிழற்படம் எடுத்தல் வேண்டும். வண்ணக்கோடுகளின் அகலம், எழுத்துகளின் இடம், கம்பித் தடையின் இணைப்பு வரிசை ஆகியவை பிரித்தபின் நினைவில் நிற்பதில்லை.

பிரித்தல்

துருப்பிடித்த இணைப்புகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாட்கள் காத்திருப்பது வழக்கம். இடப்புற மிதிகட்டையின் புரி இடஞ்சுழியானது. பி.எஸ்.ஏ. அளவுடைய அடிக்குடத்தின் வலப்புறக் கிண்ணமும் இடஞ்சுழிப் புரி கொண்டது. இதனை அறியாமல் இறுக்கும் திசையிலேயே வலிந்து திருகிப் பழுதாக்குவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. கோட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்கின் அடியில் உறுதியான முட்டு கொடுக்க வேண்டும். இல்லையெனில் சுத்தியல் அடியின் விசை அச்சின் வழியே உருள்குண்டுகளுக்கும் கிண்ணங்களுக்கும் சென்று அவற்றில் குழிகளை உண்டாக்கும். மீண்டும் பூட்டும்போது இரு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்லுமாறு அமைக்கப்படும். இரண்டும் ஒரே திசையில் செருகப்பட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நில்லா.

துரு நீக்கல்

மேலோட்டமான துருவுக்குப் பித்தளைத் தூரிகையும் எண்ணெயும் போதும். ஆழமான துருவுக்கு நீர்த்த ஆக்சாலிக் அமிலம் பயன்படுகின்றது. இது நச்சுத்தன்மை உடையதாகையால் கையுறை அவசியம். வேலை முடிந்தபின் நன்கு கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஐதரோகுளோரிக் அமிலம் எஃகையும் பூச்சையும் சேர்த்தே அரிக்கும் என்பதால் தவிர்க்கப்படுகின்றது. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். எனவே அவற்றை உலர்நிலையில் தேய்த்துத் தூசி எழுப்புதல் கூடாது.

உருள்குண்டுகளும் சக்கரமும்

பொதுவாக முன்குடத்தில் 3/16 அங்குலக் குண்டுகளும், பின்குடத்திலும் அடிக்குடத்திலும் ¼ அங்குலக் குண்டுகளும் இருக்கும். தேய்ந்த குண்டுகளுடன் புதியவற்றைக் கலப்பதில்லை. பெரிய குண்டுகளே சுமை முழுவதையும் தாங்க நேரும் என்பதால் ஒரு பக்கத்தின் குண்டுகள் அனைத்தும் சேர்த்தே மாற்றப்படுகின்றன. சக்கரத்தின் பெண்டு எடுத்தல், ஆரைக்கம்பிகளின் இழுவிசையைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் செய்யப்படுவது. இது அளவுகோலை விடக் கைப்பழக்கத்தையே சார்ந்தது.

தோல் இருக்கை

புரூக்ஸ் போன்ற தோல் இருக்கைகள் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டவை. உலர்ந்து சுருங்கியிருந்தாலும் அவற்றை எண்ணெயில் ஊறவைத்தல் கூடாது. தோல் தளர்ந்து தொய்ந்துவிடும். மெழுகு கலந்த பூச்சு சிறிதளவு தேய்ப்பதே போதுமானது.

பேணலா, புதுப்பித்தலா

மீட்டெடுப்பில் மூன்று நிலைகள் உள்ளன. உள்ளதை உள்ளபடி தூய்மை செய்து மேலும் சிதையாமல் காப்பது பேணல். பாதுகாப்பாக ஓடத் தேவையான உறுப்புகளை மட்டும் மாற்றுவது இயங்குநிலை மீட்பு. வண்ணமும் பூச்சும் அகற்றி ஆலையில் இருந்து வந்த நாளின் தோற்றத்தைத் திரும்ப உண்டாக்குவது முழுப் புதுப்பித்தல்.

முழுப் புதுப்பித்தலே கண்ணுக்கு நிறைவு தருவது. ஆனால் திரும்பப் பெற முடியாத இழப்பும் அதில்தான் அதிகம். தமிழ்நாட்டு வண்டி ஒன்றின் மீது ஆலையின் வண்ணம் மட்டும் இருப்பதில்லை. விற்ற கடையின் ஒட்டுப்படம், மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை மட்கார்டில் எழுதிய எண், சங்கிலி உறையில் உரிமையாளர் எழுதுவித்த பெயர், பால் கேன் தொங்கிய இடத்தில் தேய்ந்த கேரியர், உடைந்த இடத்தில் உள்ளூர்ப் பட்டறை வைத்த பற்று ஆகியவையும் இருக்கும். ஆலையின் தோற்றத்தைப் பழைய விலைப்பட்டியல் ஒன்றைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் வரைந்துவிடலாம். வாடகைக் கடையின் எண்ணுக்கோ தொழிலாளியின் பெயருக்கோ வேறு ஆவணம் பெரும்பாலும் இல்லை. வண்ணத்தோடு அவையும் மறைந்துவிடும்.

மறுபுறம், துருவை அப்படியே விட்டால் வண்டியே அழியும் என்பதும், விரிசல் விட்ட முன்கவையுடன் ஓட்டுவது உயிருக்கு ஆபத்தானது என்பதும் உண்மை. எனவே தாங்கும் உறுப்புகளான முன்கவை, தடை, அச்சு, டயர் ஆகியவற்றில் பாதுகாப்புக்கு முதலிடம் அளித்து, சுமை தாங்காத பரப்புகளில் பழைமையைக் காப்பது ஏற்கத்தக்க நடுவழி ஆகும். கழற்றிய பழைய உறுப்புகளைக் குறிப்புடன் எடுத்து வைத்தால், பின்னர் வருபவர் வேறு முடிவு எடுக்கவும் வழி இருக்கும்.

உதிரிபாகங்களும் கைவினைஞரும்

28 அங்குல ரோட்ஸ்டர் வண்டிகள் இந்தியாவில் இன்றும் தயாரிக்கப்படுவதால் டயர், டியூப், தடைக்கட்டை, கோட்டர் பின், ஆரைக்கம்பி ஆகியவை புதிதாகவே கிடைக்கின்றன. இங்கிலாந்துச் சேகரிப்பாளர்கள் அரிதாகத் தேடும் சில உறுப்புகள் இங்கு சாதாரணக் கடைச்சரக்கு. மாறாக, பல்லிணைக் குடத்தின் உள்ளுறுப்புகள், டைனமோ குடங்கள், முழுச் சங்கிலி உறைகள், குறிப்பிட்ட நிறுவனத்தின் பல்சக்கரங்கள் ஆகியவை அரியவை. ஸ்டர்மி-ஆர்ச்சரின் நாட்டிங்காம் தயாரிப்பு 2000 இல் முடிவுற்று, அப்பெயர் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்திடம் சென்றது.

பழைய வண்டிகள் பலவும் சேகரிப்பவரின் கைக்கு வருமுன் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன. அங்கு அம்பத்தூர் வண்டிக்கும் நாட்டிங்காம் வண்டிக்கும் ஒரே விலை. இதைவிடவும் எளிதில் ஈடுசெய்ய முடியாதது கைத்திறனின் இழப்பு. கம்பித் தடையைச் சீராக அமைத்தல், ஆரைக்கம்பிகளைப் பின்னிச் சக்கரம் கட்டுதல், வளைந்த கவையைக் கண்ணளவில் நேராக்குதல் ஆகியன தெருவோர மிதிவண்டிக் கடைகளில் பார்த்துப் பழகிய வேலைகள். எழுதி வைக்கப்படாத இவ்வறிவைக் கேட்டறிந்து பதிவு செய்வதும் மீட்டெடுப்பின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

சமூக முக்கியத்துவம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெருந்தொகையான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாத நிலையில் பலர் குறுக்குத்தண்டு கொண்ட 'ஆண்கள்' வண்டியையே ஓட்டினர். எனவே சட்டகத்தின் வகையை மட்டும் கொண்டு அதனை ஓட்டியவர் யார் என்று முடிவு செய்ய இயலாது. யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் மிதிவண்டியே ஆட்களையும் பொருட்களையும் சுமந்த முதன்மை ஊர்தியாக இருந்தது. அக்காலத்து வண்டிகளில் காணப்படும் வலுவூட்டல்களும் மாற்றங்களும் குறைபாடுகள் அல்ல. அவை போர்க்கால வாழ்வின் சான்றுகள்.

சேகரிப்போர் அமைப்புகள்

இங்கிலாந்தின் வெட்ரன்-சைக்கிள் கிளப் 1955 இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் வீல்மென் அமைப்பு 1967 இல் உருவானது. பல நாடுகளின் அமைப்புகளை இணைக்கும் பன்னாட்டு வெட்ரன்-சைக்கிள் சங்கம் 1986 முதல் இயங்குகின்றது. இத்தாலியில் 1997 முதல் நடைபெறும் 'லெரோய்க்கா' ஓட்டத்தில் பழைய பந்தய வண்டிகளே அனுமதிக்கப்படுகின்றன. இந்தியாவில் புனே நகரில் உள்ள விக்ரம் பெண்ட்சே மிதிவண்டி அருங்காட்சியகம் தனியார் சேகரிப்பில் இருந்து வளர்ந்ததாகும். இத்தகைய அமைப்புகள் வண்டிகளைக் காட்சிப்படுத்துவதுடன், சட்டக எண் பட்டியல்களையும் பழைய விலைப்பட்டியல்களையும் தொகுத்து வைப்பதால் காலத்தை உறுதிசெய்யும் பணிக்கும் உதவுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

மிதிவண்டி
ராயல் என்பீல்டு
அம்பத்தூர் தொழிற்பேட்டை
திருவொற்றியூர்
அறிவொளி இயக்கம்